தொண்ணூற்றொன்றாவது குடும்பம்

ஆறுகள் அடிக்கடி வழி மாறிக்கொண்டிருந்த காலத்தில் நெடுங்குடையான் என்றொரு அரசன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் ஒழுங்கின் மேல் அவனுக்கு அளவுக்கு மீறிய ஆசை. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு அவன் மதில் சூழ்ந்த புது ஊர் கட்டிக் கொடுப்பான். எல்லாத் தெருவிலும் ஒரே எண்ணிக்கையில் வீடுகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். எந்தத் தெருவிலும் சேராமல் மிஞ்சும் குடும்பம் மதிலுக்கு வெளியே போய்விட வேண்டும். வெளியே புலிக்காடு.

ஓர் ஆண்டு தொண்ணூற்றொரு குடும்பங்கள் வந்தன. குடும்பத்துக்கு ஒருவராக அரசன் முன்னால் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்றவள் செங்கணி என்ற குயவப் பெண். கணவனை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இடுப்பில் கைக்குழந்தை இருந்ததால் மெல்ல நடந்து எல்லோருக்கும் பிறகு வந்து சேர்ந்திருந்தாள்.

ஊர் அளக்கும் அதிகாரி பெருஞ்சாத்தன் தெருவுக்குப் பத்துப் பேராக நிறுத்தினார். ஒன்பது தெரு ஆனது. செங்கணி மிஞ்சினாள்.

ஐந்து பேராக நிறுத்தினார். பதினெட்டுத் தெரு. செங்கணி மிஞ்சினாள்.

மூன்று பேராக நிறுத்தினார். முப்பது தெரு. அப்போதும் செங்கணிதான் மிஞ்சினாள்.

இந்த மூன்றைத் தவிர வேறு எண்ணில் தெரு போடும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை. மூன்று முறை பார்த்தாயிற்று, இது எதிலும் அடங்காத எண் என்று அதிகாரி சொல்லிவிட்டார். மற்ற தொண்ணூறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்த இடத்தைச் சொல்லவே எனக்குப் பிடிப்பதில்லை.

காவலன் மதில் கதவைத் திறந்தான். செங்கணி நகரவில்லை.

"அரசே, சூளையில் அடுக்கும்போது சில நேரம் ஒரு பானை மிஞ்சும். அதற்காக அந்தப் பானையை நாங்கள் உடைப்பதில்லை. அடுக்கைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவோம். எங்களை ஏழு ஏழாக நிறுத்திப் பாருங்கள்."

அது வழக்கத்தில் இல்லை என்று அதிகாரி முணுமுணுத்தார். அரசன் நிறுத்தச் சொன்னான். பன்னிரண்டு தெரு நிறைந்தது. பதின்மூன்றாவது தெருவில் ஆறு பேர் நின்றார்கள். ஏழாவது இடத்தில் செங்கணி குழந்தையோடு போய் நின்றாள். மிஞ்ச யாரும் இல்லை.

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அரசன் மட்டும் சிரிக்கவில்லை. சென்ற ஆண்டு கட்டிய ஊரில் எத்தனை குடும்பங்கள் என்று கேட்டான். நூற்றிருபத்தொன்று என்றார் அதிகாரி. அங்கும் தனியாக வந்த ஒரு கிழவர் மிஞ்சினார், அவரைப் புலி அடித்துவிட்டது என்றார்.

அரசன் மண்ணில் உட்கார்ந்து விரலால் புள்ளி வைத்து, வரிசை வரிசையாக மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"பதினொன்று பதினொன்றாக நிறுத்தியிருந்தால் அவரும் உள்ளே இருந்திருப்பார்" என்றான். சொல்லிவிட்டு அழுதான்.

அன்றே சட்டத்தை மாற்றினான். எந்த எண்ணிலும் அடங்காவிட்டால் ஏதாவது ஒரு தெருவில் ஒரு வீடு கூடுதலாக இருக்கட்டும், யாரும் வெளியே போக வேண்டாம் என்றான். கிழவருக்கு அந்தச் சட்டம் ஓர் ஆண்டு தாமதமாக வந்தது.

ஆகவே கேட்டவர்களே, ஒருவர் மிஞ்சி நின்றால் பிழை அவரிடம் இல்லை, வரிசை போட்டவரிடம்தான்.