காளைக்குப் பிள்ளைப்பேறு

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ராஜா நினைத்ததெல்லாம் சட்டமாக இருந்த காலம். கருவேலநாட்டை அதிரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தான். அவனுக்கு நுண்மதியார் என்றொரு மந்திரி. அந்தப் பட்டத்தை அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் ராஜா தொழுவத்துக்கு வந்தான். மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"முன்னால் ஒரு துரும்புகூட இல்லையே, எதை மெல்லுகின்றன?" என்று கேட்டான்.

"வேலை செய்வதுபோல் வெறும் வாயை மெல்லுகின்றன, மகாராஜா! சுத்தச் சோம்பேறித்தனம்," என்றார் மந்திரி.

தொழுவத்தில் இருபது வருஷமாக மாடு பார்க்கும் காரியாத்தாள் கும்பிட்டபடி முன்னே வந்தாள். "இல்லீங்க சாமி. மாட்டு வயித்துல நாலு அறை இருக்குங்க. அவசரமா விழுங்குன வைக்கோலு மொத அறையில ஊறும். பொறவு வாய்க்கு வந்து, மென்னு, மறுபடி உள்ள போகும்."

"நாலு அறையா! மாட்டுக்குள் அரண்மனையே கட்டிவிட்டாளே!" என்று சிரித்தார் மந்திரி.

ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கே ஒரு வயிறு இருக்க, மாட்டுக்கு நாலா?

அன்றே மூன்று ஆணைகள் பிறந்தன. மாட்டுக்கு வைக்கோல் கிடையாது, மாவுக் கரைசல்தான். குதிரை நாளெல்லாம் கொறிக்கக் கூடாது. ஒரே வேளையில் ஒரு மூட்டைக் கொள்ளு முழுவதையும் தின்றுவிட வேண்டும். கோழி கல் பொறுக்குவது அரசுக்கு அவமானம். முற்றத்துக் கல்லையெல்லாம் கூட்டி அள்ள வேண்டும்.

"குதிரைக்கு வயிறு சின்னதுங்க, வாந்தியும் வராதுங்க. கோழிக்குப் பல்லு இல்லீங்க, அது முழுங்குற கல்லுதான் உள்ள இரை அரைக்குது," என்று காரியாத்தாள் சொல்லிப் பார்த்தாள். கேட்க ஆளில்லை.

சில நாள் போயிற்று. கோழிகள் தின்ற தானியம் அரைபடாமல் மெலிந்தன. குதிரைகள் வயிற்றுவலியில் தரையில் புரண்டன; இரண்டு செத்தே போயின. பட்டத்துக் காளைக்கோ ஏப்பம் நின்று, இடப்பக்க வயிறு முரசுபோல் உப்பியது.

ராஜா சபையோடு தொழுவத்துக்கு வந்தான். மந்திரி காளையை மூன்று முறை சுற்றி வந்தார். மூன்று முறை கனைத்தார். பிறகு சொன்னார்: "மகாராஜா, காளை கர்ப்பமாக இருக்கிறது."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. புலவர் வாழ்த்துப் பாடினார். சோதிடர் நாள் குறித்தார். ராஜா சர்க்கரை வழங்கச் சொன்னான்.

காளை மூச்சுக்குத் திணறி முன்னங்காலை மடித்து விழுந்தது. அது பிறந்த நாள்முதல் வளர்த்த காரியாத்தாள் ஓடிவந்தாள். "சாமி, அது வெறும் காத்துங்க! இப்ப வெளியேத்தலைன்னா செத்துப்போகும்."

"செத்தால் உன் தலை போகும்," என்றான் ராஜா.

"போகட்டுங்க," என்றாள் அவள்.

எல்லாரும் விலகி நின்றார்கள். மந்திரி மட்டும் நகரவில்லை. கன்றின் அசைவைக் கேட்பதாகச் சொல்லிக் காளையின் விலாவில் காதை வைத்துக்கொண்டிருந்தார். காரியாத்தாள் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே விரலால் இடம் பார்த்தாள். கூரிய கத்தியால் ஒரே குத்து. அந்த வழியே மூங்கில் குழலைச் செருகினாள்.

புஸ்ஸென்று கிளம்பியது காற்று. புளித்த மாவும் நுரையுமாக அத்தனையும் நுண்மதியாரின் முகத்தில்!

"ஆண் குழந்தையா, பெண் குழந்தையா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அப்புறம் சபையே சிரித்தது. பாட்டுப் பாடிய புலவர்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

சாயங்காலம் காளை எழுந்து ஒரு வாய் வைக்கோல் தின்றது. ராஜா மூன்று ஆணைகளையும் கிழித்தான். தொழுவத்தையும் லாயத்தையும் காரியாத்தாளிடம் ஒப்படைத்தான். மந்திரியை அவளுக்குக் கீழே சாணி அள்ள வைத்தான். ஆனால் அந்த ஆணைகளில் கையெழுத்துப் போட்டது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. செத்துப்போன இரண்டு குதிரைகளுக்குக் கேட்க வாயில்லை.

இதனால் அறிய வேண்டியது: தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிறவன் கையில் அதிகாரம் இருந்தால், அவன் மடமைக்கு முதலில் வதைபடுவது வாயில்லா ஜீவன்களே.