தலையாட்டிப்பாளையத்துக்கு வந்த சீனப் பூட்டு

தலையாட்டிப்பாளையத்துக்காரர்கள் நல்லவர்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். வினையே அதில்தான். அந்த ஊர்க் கடைவீதியில் மருதாசலம், குப்பணன், சடையப்பன் மூவரும் கூட்டாக ஓர் இரும்புக் கடை வைத்திருந்தார்கள். கோயமுத்தூர் மொத்த வியாபாரியிடம் பூட்டு வாங்கினால் லாபமெல்லாம் அவருக்கே போகிறது, நேராகச் சீனாவிலிருந்தே இறக்கிவிடலாம் என்று ஒருநாள் மருதாசலத்துக்குத் தோன்றியது. மருதாசலத்துக்கு ஏதாவது தோன்றினால் மற்ற இருவருக்கும் அடுத்த நிமிஷமே தோன்றிவிடும்.

முதலுக்குச் சடையப்பன் தன் மனைவி பூவாத்தாளின் மூன்று பவுன் சங்கிலியைக் கேட்டான். தேவைப்படும்போது அடகு வைத்து, லாபத்தில் மீட்டுவிடலாம் என்பது ஏற்பாடு. அவள் கழற்றிக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்:

“என்ற தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு இது என்ற கழுத்துல இருக்கோணும். இல்லீன்னா நீங்க ஊட்டுப் பக்கமே வர வேண்டாம்.”

சங்கிலியை ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் கடையில் வைத்துவிட்டு, மூவரும் யோசனை கேட்கக் கிளம்பினார்கள்.

கோயமுத்தூரில் பல வருஷமாகச் சீனச் சரக்கு இறக்கும் லியாகத் பாய், டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னார். “முதல்ல மாதிரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் பாருங்க. வர்ற சரக்கு அச்சா அதே மாதிரி இருக்கணும்னு பேசிக்குங்க. சரக்கைக் கண்ணால பாக்காம முழுப் பணத்தையும் குடுத்துடாதீங்க. எல்லாத்துக்கும் மேல நம்பிக்கை முக்கியம். அவங்க நம்மள நம்பணும், நாம அவங்கள நம்பணும்.”

மூவரும் தலையாட்டினார்கள். அது அவர்களுக்கு நன்றாக வரும்.

சீனாவில் லின் என்றொரு அம்மாள் பூட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தாள். இவர்கள் போனில் தமிழில் பேசினால் அதுவே சீனத்தில் மாற்றிச் சொல்லிவிடும். மாதிரிப் பூட்டு ஒன்று வந்தது, இரண்டு சாவிகளோடு. குப்பணன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் இருண்டது.

“ஏனுங்ணா, இதே சாவி இன்னொண்ணு அந்தம்மாகிட்ட இருக்குமுங்களா?”

“செஞ்சவங்ககிட்ட இல்லாமயா?” என்றார் மருதாசலம்.

“அப்ப நாம பூட்டுன ஊட்டையெல்லாம் அந்தம்மா வந்து தொறந்துக்குமே.”

“அவ்வளவு தூரத்துல இருந்தா?”

“பிளேன்ல வரலாமுங்களே. மூணு பவுனுன்னா டிக்கெட் செலவு கட்டும்” என்றான் சடையப்பன். சங்கிலி விஷயத்தில் அவனுக்கு மூளை பம்பரமாகச் சுற்றும்.

கடையைச் சாத்திவிட்டு மூவரும் பேசினார்கள். சாவி இருந்தால்தானே கள்ளச்சாவி? சாவியே இல்லாவிட்டால் யார் யாரை ஏமாற்ற முடியும்? உலகத்தில் எங்குமே சாவி இல்லாத பூட்டாகச் செய்து அனுப்பும்படி லின் அம்மாளுக்குச் சொன்னார்கள். அவள் தன் போன் பழுதாகிவிட்டதென்று நினைத்து வேறு போனில் கூப்பிட்டுக் கேட்டாள். இவர்கள் அதையே சொன்னார்கள். வாடிக்கையாளர் கேட்டால் செய்ய வேண்டியதுதான் என்று அவளும் ஒப்புக்கொண்டு, சாவி இல்லாததால் விலையில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தாள்.

“பாத்தீங்களா, கறாராப் பேசுனா விலையும் குறையுது” என்றார் மருதாசலம்.

புது மாதிரி வந்தது. சோதிக்க வேண்டுமே? சங்கிலி இருந்த தகரப் பெட்டியில் மாட்டி அழுத்தினார்கள். ‘டிக்’கென்று விழுந்தது. பிறகு சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள், அசையவில்லை. பட்டறைக்காரர் ரம்பம் போட்டார், ரம்பம்தான் உடைந்தது. “தகரத்தை வெட்டிருட்டுமுங்களா?” என்று அவர் கேட்டதற்கு, நல்ல பெட்டியை எதற்குப் பாழாக்குவது என்று மூவருமே கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சரக்கு மிகவும் பிடித்துவிட்டது.

கல்லாவில் இருந்ததை முன்பணமாக அனுப்பினார்கள். கடலில் திருட்டுப் போய்விடக் கூடாது என்று, சரக்கு வரும் மரப்பெட்டியையும் அதே பூட்டால் பூட்டி அனுப்பச் சொன்னான் குப்பணன்.

மரப்பெட்டி வந்து இறங்கியது. சுற்றிச் சுற்றி வந்தார்கள். “பலகையில ரெண்டு ஆணியப் புடுங்குனா போச்சு” என்றார் இறக்கி வைத்த லாரிக்காரர்.

“சொந்தச் சரக்கைத் திருடனாட்டம் பக்கவாட்டுல எடுக்கறதுங்களா?” என்றான் சடையப்பன். லாரிக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

லின் அம்மாள் மீதிப் பணம் கேட்டாள். கேட்பது நியாயம்தான். ஆனால் சரக்கைக் கண்ணால் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? பாய் சொல்லியிருக்கிறாரே.

“கொடுக்காட்டி நம்பிக்கை போயிருமுங்ணா” என்றான் குப்பணன்.

“கொடுக்கலாம்னாலும் சங்கிலி தகரப் பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சே” என்றான் சடையப்பன், அழாத குறையாக.

மருதாசலம் மோவாயைத் தடவினார். “பெட்டியோட அனுப்பிடலாம். பணம் குடுத்த மாதிரியும் ஆச்சு, குடுக்காத மாதிரியும் ஆச்சு.”

“அந்தம்மா எடுத்துக்கிட்டா?”

“எதை வெச்சுத் தொறக்கும்? சாவி ஏது?”

சடையப்பனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அன்றே தகரப் பெட்டி சீனாவுக்குப் போனது. “உங்கள் பெட்டி வந்தது. எப்படித் திறப்பது?” என்று கேட்டாள் லின் அம்மாள். “எங்கள் பெட்டியை எப்படித் திறப்பதென்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்” என்றார்கள் இவர்கள். அதன்பின் சண்டையே இல்லை. இரு தரப்பும் வீடியோவில் அவரவர் பெட்டியைக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். இப்படியொரு நம்பிக்கையை நான் வேறெந்த வியாபாரத்திலும் பார்த்ததில்லை.

பூவாத்தாளின் தங்கை கல்யாணம் வந்தது. “சங்கிலி எங்கீங்க?” என்றாள் பூவாத்தாள்.

“சீனாவுல.”

அவள் விளக்குமாற்றைத் தேடினாள். “யாரும் எடுக்க முடியாது பூவா, சாவியே இல்ல” என்று சடையப்பன் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான். அவள் நின்று யோசித்தாள். அவளும் அதே ஊர்தானே.

“பத்திரமா இருக்கறது சரிங்க. ஆனா என்ற கழுத்துல இருக்கோணுமே.”

அதற்கும் சடையப்பன் வழி கண்டான். முகூர்த்தத்தன்று பூவாத்தாள் கழுத்தில் பட்டு நாடா கட்டிய போன் தொங்கியது. திரையில் லின் அம்மாள், தலையில் பூ வைத்து, மடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

பெரியம்மா ஒருத்தி குனிந்து பார்த்தாள். “இதென்ன கண்ணு?”

“சங்கிலிங்க பெரீம்மா. உள்ள இருக்குது.”

பெரியம்மா மூடிய பெட்டியை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். “டிசைன் நல்லாருக்குது” என்றாள்.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் அட்சதை தூவினார்கள். பார்த்துக்கொண்டிருந்த லின் அம்மாளும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தூவினாள். அது தகரப் பெட்டியின் மேலேயே விழுந்தது. சடையப்பன் பதறிப்போய் மனைவியின் கழுத்தருகே குனிந்து போனுக்குள் கத்தினான்:

“அம்மிணி, பூட்டைத் தொடச்சிருங்க. உள்ள அரிசி போயிருச்சுன்னா அப்பறம் தொறக்கறதுக்குச் செரமமாப் போயிரும்.”