கண்ணீர் அளவு உப்பு

பிள்ளை வளர்ப்பவர்களே, இந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். ஊருக்கு ஊர் சாலை போடாத காலம் அது. கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டுபோகும் வணிகர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு வண்டிதான் வீடு. கூட வருகிறவர்கள்தான் ஊர்.

அந்தக் கூட்டத்தில் வேம்பி என்றொரு பெண். முந்தைய ஆண்டு பாம்பு கடித்து அவள் கணவன் இறந்துபோனான். அவன் ஓட்டிய வண்டியை இப்போது அவளே ஓட்டினாள். அவளுக்கென்று இருந்தது மூன்று வயது மகள் தும்பை மட்டும்தான்.

ஒரு கோடையில் கூட்டம் பெரிய பொட்டல்வெளியைக் கடந்தது. வழியில் ஒரு குட்டை. அதன் கரையிலேயே இரவு தங்கினார்கள். மாடுகள் இறங்கிக் கலக்கிய அதே தண்ணீரை மனிதர்களும் மொண்டு குடித்தார்கள், குடங்களிலும் நிரப்பிக்கொண்டார்கள். மறுநாள் காலை தும்பைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. உச்சிப்பொழுதுக்குள் பத்து முறை போய்விட்டது. வாந்தியும் சேர்ந்துகொண்டது.

கூட்டத்தின் தலைவர் சேந்தன் கெட்டவர் அல்லர், பயந்தவர். மற்றப் பிள்ளைகளுக்கும் நோய் தொற்றிவிடும் என்றார். வேம்பி குட்டைக்கரையிலேயே தங்கட்டும், குழந்தை தேறியதும் வண்டித் தடம் பார்த்து வந்து சேரட்டும் என்றார். தேறாவிட்டால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கிளம்பும்போது, "தண்ணீர் கொடுத்துவிடாதே, வேம்பி. வயிறு காய்ந்தால்தான் போக்கு நிற்கும்" என்றார்.

வண்டிகள் போயின. புழுதி அடங்கியது. மாட்டு மணியோசை தேய்ந்து தேய்ந்து கேட்காமல் போனது.

வேம்பி தலைவர் சொன்னபடியே தண்ணீர் கொடுக்காமல் இருந்தாள். பொழுது சாய்வதற்குள் தும்பையின் கண்கள் குழிந்துவிட்டன. நாக்கு வறண்டது. குழந்தை அழுதாள், கண்ணீர் வரவில்லை.

அப்போது வேம்பியின் கண் வண்டி மாட்டின் மேல் விழுந்தது. முன்பொரு மழைக்காலத்தில் இளம்புல் மேய்ந்து அந்த மாடு கழிந்துகொண்டே கிடந்தபோது, அவள் கணவன் தண்ணீரை நிறுத்தவில்லை. கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு மூங்கில் குழாயால் விடாமல் புகட்டினான். மாடு எழுந்து நின்றது. மாட்டைப் பிழைக்க வைத்த தண்ணீரைப் பிள்ளைக்கு ஏன் மறுக்க வேண்டும் என்று அவள் யோசித்தாள். சரியா என்று கேட்க ஆள் இல்லை. தவறு என்று தடுக்கவும் ஆள் இல்லை.

குட்டைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினாள். ஒரு பிடி அரிசியைக் குழைய வேகவைத்து நீர்க்கக் கரைத்தாள். வண்டி நிறைய உப்பு இருந்தது. ஆனால் சின்ன வயிற்றுக்கு எவ்வளவு உப்பு? அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. கன்னத்தில் வழிந்த கண்ணீர் உதட்டில் பட்டது.

கஞ்சி இந்தக் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். சிட்டிகை உப்புப் போட்டு, தன் நாவில் வைத்துப் பார்த்த பிறகே மகளுக்குக் கொடுத்தாள்.

ஒவ்வொரு கரண்டியாகப் புகட்டினாள். குழந்தை வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கினாள். கழிந்ததைக் குழி தோண்டிப் புதைத்தாள். ஒவ்வொரு முறையும் சாம்பல் தேய்த்துக் கை கழுவினாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தான் விழுந்தால் கரண்டி பிடிக்க ஆளில்லை என்று நினைத்து உண்டாள்.

முதல் நாள் ஆட்டு மந்தையோடு வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு மந்தையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் துணி வணிகர் இருவர் வந்தார்கள். கிட்டே வர வேண்டாம், தள்ளி நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவர்கள் நிற்கவில்லை. மூன்றாம் நாள் யாருமே வரவில்லை.

அன்று மாலை மடியில் வெதுவெதுப்பாக ஈரம் பட்டது. தும்பை சிறுநீர் கழித்திருந்தாள். உடம்பில் நீர் சேர்ந்துவிட்டது என்று வேம்பிக்குப் புரிந்தது. சற்று நேரத்தில், "அம்மா, இன்னும் கஞ்சி" என்று குழந்தை கேட்டாள்.

மறுநாள் மாடுகளைப் பூட்டித் தடம் பார்த்துப் போனாள் வேம்பி. கூட்டம் வெகுதூரம் போயிருக்கவில்லை. ஒரு வேலமரத்தடியில் வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. மரத்தின் பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன மண்மேடு. சேந்தன் அதன் அருகே உட்கார்ந்திருந்தார். அவருடைய மூத்த மகன், ஆறு வயதுப் பையன், முந்தின நாள் இறந்திருந்தான். கைக்குழந்தைக்கும் அதே நோய். கூட்டத்தில் இன்னும் ஏழு பிள்ளைகள் வாடிக் கிடந்தார்கள். யாருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

அவள் வண்டியைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. இறங்கிப் பெரிய பானை ஒன்று கேட்டாள். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு தாயையும் கஞ்சியை முதலில் சுவைத்துப் பார்க்க வைத்தாள்.

சேந்தனின் மனைவி கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதையும் நிறுத்தியிருந்தாள். வேம்பி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "பால் கொடுங்கள், அக்கா. கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். நீங்களும் சாப்பிடுங்கள்" என்றாள்.

அவள் வந்த நாலாம் நாள் எட்டுப் பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள்.

சேந்தன் அவளிடம் வந்தார். "உன்னைத் தனியே விட்டுவிட்டு வந்தேனே, தங்கச்சி" என்றார்.

"ஆமாம், அண்ணே" என்றாள் வேம்பி.

வண்டிகள் புறப்பட்டபோது சேந்தனின் மனைவி மட்டும் மண்மேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் தானாக வந்து ஏறும்வரை இருபது வண்டிகளும் காத்திருந்தன.

வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்குத் தண்ணீரையும் பாலையும் நிறுத்தாமல், காய்ச்சிய நீரும் உப்பிட்ட கஞ்சியும் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கொடுக்கும் தாயையும் ஒருநாளும் தனியே விடக் கூடாது.