காத்தாயி மூடி வச்ச பானை

ஒரு ஊர்ல ஒரு கண்மாய் இருந்துச்சாம். ஊரு சின்னது, கண்மாய் பெருசு. ம் கொட்டுடி. நீ ம் கொட்டலைன்னா உனக்கு முன்னாடி இந்தப் பெரியம்மா தூங்கிருவேன். காலையில இருந்து நின்ன காலு.

ம்... அப்படித்தான்.

அந்தக் கண்மாய்க் கரை ஒரு எடத்துல பிளந்துபோச்சு. ஒரு வண்டி உள்ள போய் வெளிய வரலாம், அம்புட்டு அகலம். மழைக்காலமோ வந்துக்கிட்டே இருக்கு. பெரிய மழைக்கு முன்னாடி உடைப்பை அடைக்கலைன்னா வர்ற தண்ணியெல்லாம் சலசலன்னு ஓடிரும். அப்புறம் நெல்லு ஏது, சோறு ஏது?

கரை இருக்கிறது ஊருக்கு ரொம்ப தூரத்துல. தினம் போய்ட்டுப் போய்ட்டு வர முடியாது. அதனால ஊரே பாய், பானை, மம்பட்டி எல்லாத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு அங்கனயே போய்த் தங்கிருச்சு. பனைமரத்தடியில ஓலைக் கொட்டாய் போட்டாங்க. தரை ஈரமா இருந்துச்சா, மூட்டை மூட்டையா உமி கொண்டாந்து கொட்டி அதுமேல பாய விரிச்சாங்க.

உமி தெரியுமில்ல? நெல்லு குத்துனா வர்ற தோலு. ம்.

வேலைய நடத்துறவரு கருத்தப்பாண்டி. நல்ல மனுசன்தான், ஆனா வாய் தொறந்தா வெடி. அம்புட்டு சனத்துக்கும் சோறாக்க ஒருத்திய நிறுத்துனாரு. அவதான் காத்தாயி. அவளுக்கு ஒத்தாசைக்கு அவ நாத்தனா வேலம்மா.

அப்போ, மொத நாளு என்னாச்சு? காத்தாயி அண்டா நெறய அரிசியப் போட்டு, பெரிய பெரிய கட்டையா அடுக்கித் தீய மூட்டுனா. வெட்டவெளி. காத்து உய்ய்ய்யின்னு அடிக்குது. தீ ஒரு பக்கமா சாயுது, அந்தாண்ட சாயுது. இவளும் அது கூடவே சுத்திச் சுத்தி ஓடுறா. கடைசியில அண்டாவுக்கு அடியில கருகல், மேல நறுக்கரிசி. மண்ணு சுமந்து வந்த சனம் தின்னுச்சு. கறுக் முறுக், கறுக் முறுக்.

கருத்தப்பாண்டி மட்டும், "ஏ காத்தாயி, சோறு ஆக்குனியா, கல்லு வறுத்தியா?"ன்னு கேட்டாரு.

அவ கருகுன அண்டாவத் தேய்க்க ஒக்காந்துட்டா. 

ரெண்டாம் நாளு கேப்பைக் களி. களின்னா கிண்டணும்ல? அண்டா நெறயக் களி. துடுப்பைப் பிடிச்சு காத்தாயி கிண்டுறா, வேலம்மா கிண்டுறா, கொதகொத கொதகொதன்னு கொதிக்குது. அப்போன்னு பாத்து ஒரு தூத்தல் மழை. வெறகெல்லாம் நனைஞ்சு புஸ்ஸுங்குது. தீயக் காணோம், புகை கண்ண அறுக்குது. சனம் வந்து நின்னுது. நின்னுக்கிட்டே இருந்துச்சு. மம்பட்டி சும்மா கெடக்கு, உடைப்பு வாயைத் தொறந்துக்கிட்டு கெடக்கு.

கருத்தப்பாண்டிக்கு வந்துச்சே கோவம். "மேகம் கூடுது பாருங்க! சோத்துக்கே பொழுது போனா மண்ணை யாரு போடுறது?"

அதுக்குக் கூட்டத்துல ஒருத்தரு சொன்னாரு, "வயிறு காஞ்சா கூடை எப்படிண்ணே தூக்குறது? நாளைக்கும் இப்படித்தான்னா நாங்க வீட்டுக்குப் போறோம்."

இன்னொருத்தரும் ஆமான்னாரு. அப்புறம் நாலஞ்சு தலை ஆடுச்சு.  இவங்க போய்ட்டா கரை அம்புட்டுத்தான். எல்லாம் தன் கையாலதான்னு ஆயிருமேன்னு காத்தாயி நெனச்சா.

ம் எங்கடி? ...ம். இருக்கியா.

சாயந்தரம் அடுப்பைத் தள்ளி ஒதுக்குனா. மறுநாளைக்குன்னு ஊறவச்ச காணம், அதான் கொள்ளு, ஒரு சின்னச் சட்டியில தண்ணியோட இருந்துச்சு. அதை நகத்தி வைக்கக்கூட ஆவல, அம்புட்டு அசதி. கொட்டாய் ஓரத்துல, உமி குமிஞ்சு கெடந்த எடத்துலயே அதை மூடி வச்சா. அடுப்புல இருந்த தீக்கங்கையும் அள்ளி அதே குமியில கொட்டிட்டு, கட்டையச் சாய்ச்சா.

வெடிஞ்சு பாத்தா உமி எரியவும் இல்ல, அணையவும் இல்ல. உள்ளுக்குள்ளயே கணகணன்னு கனிஞ்சு கெடக்கு. 'அடி ஆத்தி, கொட்டாய் பத்தியிருந்தா என்னாயிருக்கும்!'னு பதறிப்போய்ச் சட்டியத் தொறக்குறா. காணம் வெந்து வெண்ணெயாட்டம் இருக்கு! கிண்டல, ஊதல, யாரும் பக்கத்துல நிக்கல.

"வேலம்மா, மம்பட்டிய எடுத்துட்டு வா!"

கட்டாந்தரையா ஒரு எடம் பாத்து, படுக்கையெல்லாம் தள்ளிப் போட்டுட்டு, ரெண்டு பேருமா இடுப்பளவு குழி வெட்டுனாங்க. மேல நாலு ஓலைய உசத்திக் கட்டுனாங்க. பெரிய மண்பானைகள்ல சாமை, காணம், பரங்கிக்காத் துண்டு, உரிச்ச உள்ளி, பூண்டு, சீரகம், வத்தல், தாராளமாத் தண்ணி. மூடியப் போட்டு, மூடிக்கும் பானைக்கும் நடுவுல களிமண்ணை அப்பி அடைச்சாங்க. குழியில எறக்கி, பானைக் கழுத்து வரைக்கும் உமியக் கொட்டி, சுத்திக் கங்கைப் போட்டு, மேல ஈரச்சாக்கு. அம்புட்டுத்தான். கை கழுவியாச்சு.

கருத்தப்பாண்டி கரை மேல நின்னு பாக்குறாரு. பொகையக் காணோம். தடதடன்னு எறங்கி வந்தாரு. "அடுப்பு எங்க?"

"குழிக்குள்ள இருக்குண்ணே."

"தீ எங்க?"

"அதுவும் உள்ளதாண்ணே."

"வெளையாடுறியா?"ன்னு சாக்கை இழுக்கக் குனிஞ்சாரு. காத்தாயி அவரு கையப் பிடிச்சுட்டா. அந்த மனுசன் கைய அதுவரைக்கும் யாரும் பிடிச்சதில்ல.

"தொறந்தா சூடு போயிரும்ணே. பொழுது சாயட்டும்."

"வேகலைன்னா?"

"வேகலைன்னா சனம் கெளம்பும், நான் மறிக்க மாட்டேன். என்னையும் ஊருக்குள்ள சேக்காதீங்க."

அவரு திரும்பி நடந்தாரு.

அப்புறம் காத்தாயி என்ன செஞ்சா? கை சும்மா இருக்கே! முந்தானைய இழுத்துச் சொருகி, கூடைய எடுத்துக்கிட்டு கரைக்கு ஏறுனா. பின்னாடியே வேலம்மா. அடுப்படிக்குத் தண்ணியும் வெறகும் சுமந்த பொண்டுகளும் ஏறிட்டாங்க. பனந்தடிய ஊன்றாங்க, வைக்கோலத் திணிக்கிறாங்க, மண்ணைக் கொட்டி மிதிக்கிறாங்க. தொம்... தொம்... தொம்... வானம் கறுக்குது. மூச்சுத்தான் கேக்குது.

பொழுது சாயுற நேரம், கடைசிக் கூடை விழுந்துச்சு. உடைப்பு மூடிருச்சு.

கத்தணும்னு ஆசைதான். ஆனா எல்லாரும் அப்படி அப்படியே உக்காந்துட்டாங்க. காத்தாயி மட்டும் தள்ளாடித் தள்ளாடி எறங்கி வந்தா. குழிக்குப் பக்கத்துல பனைமரத்துல சாஞ்சு ஒக்காந்தா. 'செத்த நேரம் கழிச்சுத் தொறப்போம்'னு நெனச்சா. செத்த நேரம்னு நெனச்சதுதான், கண்ணு சொக்கிருச்சு. வாயத் தொறந்துக்கிட்டு, கொர்ர்ர்...

சிரிக்காதடி. ம்.

சனம் கைகாலக் கழுவிட்டு வந்துச்சு. பசின்னா பசி, பேய்ப்பசி. ஒருத்தரு சாக்குல கை வைக்கப் போனாரு.

"விடு"ன்னாரு கருத்தப்பாண்டி. மெதுவாச் சொன்னாரு. அவரு குழி ஓரம் மண்ணுல உள்ளங்கைய வச்சுப் பாத்தாரு. சூடு அப்படியே இருக்கு. "ஆறாது. அவ எந்திரிக்கட்டும்."

அம்புட்டுப் பேரும் சுத்தி ஒக்காந்தாங்க. ஒரு குழந்தை சிணுங்குச்சு. அதோட ஆத்தா மடியில போட்டுத் தட்டுனா. தட்டத் தட்ட அவளுக்கே தலை ஆடுது. 

அப்போ மழை வந்துச்சு. ஓலை மேல சட்... சட்... சடசடசட! காத்தாயி துள்ளி முழிச்சா. பாத்தா, சுத்தி சனம். வெறும் தட்டு. "ஐயோ! ஏன் எழுப்பல? இம்புட்டுப் பசியோடயா ஒக்காந்திருந்தீங்க?"

"நீ தொறக்கணும்னு இருந்தோம்"னா வேலம்மா.

சாக்கைத் தள்ளி, களிமண்ணைத் தட்டி, மூடியத் தூக்குனா. குப்புன்னு ஆவி. சாமையும் காணமும் குழைஞ்சு, பரங்கி கரைஞ்சு, பூண்டு வாசம் ஆளைத் தூக்குது. அகப்பைய எடுக்கக் கைய நீட்டுனா. கருத்தப்பாண்டி முந்திக்கிட்டு அதை எடுத்துட்டாரு.

"ஒக்காரு."

மொதத் தட்டு அவளுக்கு. எல்லாரும் அவ வாயவே பாக்குறாங்க. ஒரு உருண்டை பிடிச்சுப் போட்டா. கண்ண மூடி மென்னா. முழுங்குனா.

"என்ன, எப்படி இருக்கு?"ன்னாரு.

"உப்பு ஒரு கை கம்மிண்ணே"ன்னா.

சனம் சிரிச்சுச்சு பாரு, அந்த அலுப்புலயும் அப்படி ஒரு சிரிப்பு. அப்புறம் தட்டுச் சத்தம்தான், மழைச் சத்தம்தான். கரை நின்னுச்சு, கண்மாய் நெறஞ்சுச்சு.

ம்...? என்னடி, ம் காணோம்?

சரி. தின்ன சனம் பாய்ல சாஞ்சுச்சு, சொன்ன வாயும் ஓஞ்சுச்சு. கதை இங்கன படுத்துருச்சு, நீயும் படு கண்ணு.