கறுப்பு கூலரும் வெள்ளை கூலரும்

கம்ப்யூட்டரின் மூளை சூடேறாமல் பார்த்துக்கொள்ளும் கூலர்களைச் சோதித்துச் சொல்வது பாளையங்கோட்டை ரெஜினா டீச்சரின் தொழில். அவர் வேண்டாம் என்று சொன்ன கூலரைக் கடைக்காரர்கள் தொடமாட்டார்கள். அவரிடம் தொழில் படிக்க வந்த அருமைநாயகம் அவரைவிடப் பதினைந்து வயது பெரியவர், கோபத்திலும் அந்த அளவுக்குப் பெரியவர்.

அன்றைக்கு வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். மனைவி ஜெபமணி சண்டை போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வாரம். அந்த அண்ணன் காலையில் ஃபோன் பண்ணியிருந்தார்: கூட்டிக்கொண்டு போகிறீர்களா இல்லையா, இன்றைக்கு முடிவு சொல்லுங்கள்.

“என்ன சொன்னீங்க அண்ணாச்சி?”

“சாயங்காலம் சொல்றேன்னேன். வரவே வேண்டாம்னுதான் சொல்லப்போறேன். என் தம்பி குடும்பம் விருந்துக்கு வந்திருக்கு. அத்தனை பேர் முன்னால அடுப்படியில இருந்து கத்துறா டீச்சர். நான் வாயைத் திறக்கல. ஒரே வீடு, ஒரே சோறு. நான் அமைதியா இருக்கேன், அவ மட்டும் ஏன் கத்தணும்?”

டீச்சர் அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

“நேத்து கொடுத்த ரெண்டு கூலர் என்னாச்சு?”

“கறுப்பு தங்கமான கூலர். முழு வேலை கொடுத்தும் மூச்சுக் காட்டல. வெள்ளை கத்தித் தொலைக்குது. திருப்பி அனுப்பிரலாம்.”

“எப்படி அளந்தீங்க?”

“கறுப்பை சீலிங் ஃபேனுக்குக் கீழ வச்சு ஓடவிட்டேன். மீட்டர்ல சத்தத்தை அளக்கும்போது மட்டும் ஃபேனை நிறுத்திக்கிட்டேன்.”

“வெள்ளைக்கு?”

“எந்திரிச்சு எந்திரிச்சு நிறுத்த யாரால முடியும்? ஃபேனே போடல. கதவைச் சாத்திட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.”

டீச்சர் எழுந்தார். கறுப்பு கூலரை அவர் நேற்று சோதித்த அதே கம்ப்யூட்டரில் மாட்டி, முழு வேலையையும் அதன் தலையில் ஏற்றினார். ஃபேனை நிறுத்தினார். ஜன்னலையும் கதவையும் சாத்தினார்.

“உக்காருங்க.”

“எவ்வளவு நேரம்?”

“அது வாயைத் திறக்கிற வரைக்கும்.”

சித்திரை வெயில். அருமைநாயகத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கைக்குட்டை நனைந்து, வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்தார்.

“இது என்ன தண்டனை? தப்பு இருந்தா வாயால சொல்லுங்க. வயசான மனுசனை இப்படி அடைச்சு வச்சு வேக வைக்கணுமா? உங்களுக்குக் கொஞ்சமாவது…”

“கத்தாதீங்க அண்ணாச்சி. மீட்டர்ல உங்க சத்தம்தான் விழுது.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்பு கூலர் முதலில் முணுமுணுத்தது. பிறகு உறுமியது. கடைசியில் அறையே அதிரக் கத்தியது. அவர் குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

“வெள்ளையைவிட இதுதான் கூடக் கத்துது.”

டீச்சர் கதவைத் திறந்துவிட்டார்.

“உங்க வீட்டு அடுப்படியில ஃபேன் இருக்கா?”

“அடுப்பு அணைஞ்சிரும்னு மாட்டல.”

“விருந்தன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“ஹால்ல.”

“ஹால்ல எங்க?”

அவர் அண்ணாந்து, நின்றிருந்த சீலிங் ஃபேனைப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

“ரெண்டு வாரமா எங்க சாப்பிடுறீங்க?”

“மெஸ்ல.” சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். “இப்பவே தூத்துக்குடிக்கு ஃபோன் போட்டுடுறேன் டீச்சர்.”

“எதை வச்சுப் பேசுவீங்க? பாதிச் சோதனைதானே முடிஞ்சிருக்கு.” டீச்சர் மீட்டரைக் கழற்றி அவர் கையில் வைத்தார். “வீட்டுக்குப் போயி, பத்துப் பேருக்கு உலை வைங்க. ஹால்ல உங்க தம்பியை உக்கார வச்சு, குழம்பு இன்னும் ஆகலையான்னு கேக்கச் சொல்லுங்க. அப்போ இதுல என்ன விழுதுன்னு பாத்துட்டு வந்து, யாரைத் திருப்பி அனுப்பணும்னு சொல்லுங்க.”