ஓய்வு நெல்லும் பத்துப் பள்ளிக்கூடங்களும்

முன்னொரு காலத்தில், ஓர் ஐப்பசி பன்னிரண்டாம் நாள், விடிந்து இரண்டு நாழிகையில், ஒரு ராஜா சோற்றைத் தள்ளி வைத்தார். மூன்று பேர் ருசி பார்த்த சோறு. மூவரும் உயிரோடு இருந்தார்கள். அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"என் அரிசியை வேலை செய்யாமல் தின்பவர்கள் யார்?" என்று சபையில் கேட்டார்.

மழவராயர் எழுந்தார். நகரத்தின் பத்துப் பள்ளிக்கூடங்களும், அவற்றுக்கு அரண்மனை தரும் பணமும், ஓய்வு பெற்ற காவலர்களுக்கு மாதந்தோறும் அளக்கும் நெல்லும் அவர் தலைமையிலான வாரியத்தின் பொறுப்பு.

"கிழட்டுக் காவலர்கள், மகாராஜா. கண் போனவர்கள். நெல்லை நிறுத்திவிடலாம்."

தூணோரம் திருவடியான் நின்றிருந்தான். முப்பத்தாறு வருடம் கோட்டை வாசலில் காவல் நின்றவன். நெல் நின்றால் அவன் வீட்டில் உலை ஏறாது.

விகடகவி நக்கன் சொன்னான்: "கண் போனதா என்று பார்த்துவிட்டு நிறுத்தலாமே."

மழவராயர் சிரித்தார். "பார்க்கலாம். இன்று இவன் வாசலில் நிற்கட்டும். அரச பரிவாரம் தவிர, ஒருமுறை உள்ளே விட்டவரை மறுமுறை விடக் கூடாது. ஒருவர் தப்பினாலும் காவலர் எவருக்கும் நெல் இல்லை."

ஒருமுறை போனவனையே தலைப்பாகை மாற்றி மறுபடி அனுப்ப அவரிடம் ஆட்கள் இருந்தார்கள்.

"மகாராஜா இல்லாத இடத்தில் சோதனை நடந்தால், முடிவை யார் நம்புவது?" என்றான் நக்கன்.

ராஜா மழவராயரைப் பார்த்தார். பிறகு நக்கனைப் பார்த்தார்.

"நான் ஒருவரையும் நம்ப மாட்டேன். இன்று நான் எந்தெந்த வாசலுக்குள் போகிறேனோ, அங்கெல்லாம் இவன் நிற்பான்."

அன்று ராஜா பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் நாள். மழவராயரின் சிரிப்பு நின்றது. மறுத்தால் ராஜா ஏன் என்று கேட்பார். அவர் மறுக்கவில்லை.

ராஜா உள்ளே போய் அமர்ந்த பிறகே பிள்ளைகள் வரிசையாக நுழைவது வழக்கம். முதல் பள்ளிக்கூடத்தில் நாற்பது பேர். திருவடியான் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தான். விட்டான்.

இரண்டாவது பள்ளிக்கூடத்துக்குப் பல்லக்கு மெதுவாகப் போனது. அங்கேயும் நாற்பது பேர். ராஜா அமர்ந்தார். திருவடியான் தடியைக் குறுக்கே நீட்டினான்.

"நில்லும்மா. நீ காலையிலயே உள்ள போயாச்சு."

"அது நான் இல்ல தாத்தா." சிறுமி ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"இடது காதுல சூட்டுத் தழும்பு. உன் பின்னால நிக்கிறவனுக்கு முன்பல் இல்ல. அவனும் போயாச்சு."

நாற்பது பேரும் வெளியே நின்றார்கள். ராஜா காலிக் கூடத்தில் காத்திருந்தார். பிறகு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, மகாராஜா," என்றார் மழவராயர்.

"நீங்கள் போட்ட விதிதானே ஐயா," என்றான் நக்கன். சிறுமியிடம் குனிந்தான். "கால் வலிக்குதாம்மா?"

"கால் இல்ல. வண்டி குலுங்கி முதுகுதான் வலிக்குது. இன்னும் எட்டுப் பள்ளிக்கூடம் போகணுமா?"

ராஜா சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். மழவராயரின் முத்திரை மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். காவலர்களின் நெல் நிற்காது என்றார். தன் கைக்காப்பை நக்கனுக்குக் கொடுத்தார்.

"என் கண்ணுக்கு எது தப்பும்?" என்றார்.

சிறுமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் பத்து இடத்திலயும் என் காதைத் தொட்டு, எப்படிச் சுட்டுச்சுன்னு கேட்டீங்க. பத்துத் தடவையும் நான்தானே சொன்னேன். ஞாபகம் இல்லையா, மகாராஜா?"