சாமி வராத வெள்ளிக்கிழமை

ஒரு ஊர்ல ஒரு ராக்காயி இருந்தா. அவ மண்டைக்குள்ள ஒரு மூளை இருந்துச்சு. ஒனக்கு இருக்கான்னு நான் கேக்கல, நீ "ம்" மட்டும் கொட்டு.

"ம்."

அந்த மூளைக்குத் தீனி சக்கரைதான். நாளைக்குன்னு ஒரு துளி சேத்து வைக்காது. ரத்தத்துல கொறைஞ்சா, கீழ ஈரலப் பாத்து, "ஏய், சக்கரை மூட்டைய அவுத்து விடுடா!"ன்னு கத்தும். ஈரலும் அவுத்து விடும்.

ஆனா ராக்காயிக்கு ஒன்னைய மாதிரியே சக்கரை நோவு. ஊசி போட்டா ரத்தத்துல சக்கரை எறங்கும், ஈரலும் மூட்டைய லேசுல அவுக்காது. அதான் போட்டதும் சாப்பிடணும். இவளோ வெள்ளிக்கெழம ஊசியும் போட்டுக்குவா, விரதமும் இருப்பா.

மொத வெள்ளி, கோயில்ல நிக்கிறா. சக்கரை எறங்கிருச்சு. மூளை கத்துது, ஈரல் அசையல. அப்புறம் அவளையே புடிச்சு உலுக்குச்சு. நெஞ்சு திடும் திடும், வேர்வை சொதசொத, கை வெடவெட! "சோறு போடுடி"ன்னு மூளை கதறுது. ஊருக்கு அது கேக்குமா? "ஆத்தா எறங்கிட்டா!"ன்னு குலவை போட்டாங்க. புருசன் ஒச்சு ஒரு சொம்பு பானகத்த வாயில ஊத்தினான். வெல்லத் தண்ணியில்ல? ஆட்டம் நின்னுச்சு. "ஆத்தா மலையேறிட்டா"ன்னான்.

"ம்."

ரெண்டாவது வெள்ளி, ஊரே கால்ல விழுது. ஒருத்தன், "காணாமப் போன ஆடு எங்க தாயி?"ன்னான். "புளிச்ச தோசை!"ன்னா இவ. அவன் தோசைக் கடையச் சுத்திச் சுத்தித் தேடுறான்.

"ஹிஹி."

சிரிக்காத. வெள்ளிக்கு வெள்ளி இதே கூத்து. கத்திக் கத்தி மூளைக்கே பழகிப்போச்சு. அப்புறம் ஒரு வெள்ளி, அது கத்தவே இல்ல. நெஞ்சு அடிக்கல, வேக்கல, கை ஆடல. தூண்ல சாஞ்சு சும்மா உக்காந்திருக்கா.

"ஆத்தா வரலியே?"ன்னாங்க.

"வருவா, இருங்க"ன்னான் ஒச்சு. சொம்பு அவன் கையிலேயே இருக்கு. எறும்பு ஏறிருச்சு. கடைசியில தோளத் தொட்டான். பொத்துன்னு சரிஞ்சா. எந்திரிக்கவே இல்ல.

"பானகத்தக் குடுத்திருக்கலாம்ல, அத்தை?"

சாமி வராம எப்படிக் குடுப்பான்? விரதமாச்சே.

ஊசியப் போட்டுட்டு பாதித் தட்ட வச்சிட்டு ஓடியாந்தியே, கழுத. இந்தப் பாலக் குடி. மடக் மடக்குன்னு. ஆங். கை நடுங்குனா என்னைய மிதிச்சாவது எழுப்பு.

ராக்காயி போயிட்டா, கதையும் அவகூடப் போயிருச்சு. தூங்கு.

...ஏய். கண்ண மூடச் சொன்னா வாயயுமா மூடுவ? "ம்" சொல்லு.

சொல்லுடி.

"ம்..."

ஆங். இப்பத் தூங்கு.